சிங்கப்பூரில் பெரிய நாய் வளர்க்குமுன்: இனக் கட்டுப்பாட்டு விதிகளைக் கையாளும் வழி

நாய் வளர்க்க விரும்புகிறவர்கள் பெரும்பாலும் எந்த இனம் வாங்கலாம் என்ற கேள்வியில்தான் தொடங்குகிறார்கள். சிங்கப்பூரின் விதிகளோ நீங்கள் எந்த வகை வீட்டில் குடியிருக்கிறீர்கள் என்ற கேள்வியில் தொடங்குகின்றன. இந்த வரிசையை மாற்றிப் பிடித்தவர்கள்தான் பிறகு குட்டியை யாரிடம் ஒப்படைப்பது என்று தெரியாமல் அலைகிறார்கள். ஆகவே முதலில் வீடு, அடுத்து இனம், கடைசியில்தான் குட்டி என்று வைத்துக்கொண்டால் பாதிச் சிக்கல் தொடக்கத்திலேயே விலகிவிடும்.

இங்கே இரண்டு அமைப்புகளின் விதிகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருந்துகின்றன. விலங்குகள், பறவைகள் சட்டத்தின்கீழ் வரும் நாய் உரிம, கட்டுப்பாட்டு விதிகளைத் தேசியப் பூங்காக் கழகத்தைச் சேர்ந்த விலங்குநல மருத்துவச் சேவை, அதாவது ஏவிஎஸ், 2019 முதல் நடைமுறைப்படுத்தி வருகிறது. வீடமைப்பு வளர்ச்சிக் கழகமான வீவக, தன் அடுக்குமாடி வீடுகளுக்கென்று தனி விதிகளை வைத்திருக்கிறது. ஏவிஎஸ் அனுமதிக்கும் ஒரு நாயை வீவக அனுமதிக்காமல் போகலாம் என்பதை மறந்துவிடக் கூடாது. லாப்ரடோர், கோல்டன் ரெட்ரீவர் போன்ற சாதுவான நாய்கள் ஏவிஎஸ்ஸின் அபாய இனப் பட்டியலில் இல்லை. ஆனாலும் அவற்றை வீவக வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது.

வீவக வீட்டில் இருப்பவர்களுக்கு

வீவக வீடு ஒன்றில் ஒரே ஒரு நாயை வைத்துக்கொள்ளலாம். அது வீவக ஏற்றுக்கொண்ட 62 சிறிய இனங்களுள் ஒன்றாக இருக்க வேண்டும். சிவாவா, பொமரேனியன், ஷிட்சு, மால்ட்டீஸ், பக், ஜாக் ரசல் டெரியர், மினியேச்சர் ஷ்னாவ்சர் ஆகியவை அந்தப் பட்டியலில் உள்ளவை. கோர்கி, பீகிள், ஷிபா இனு ஆகியவை அதில் இல்லை. இந்த மூன்றையும் அடுக்குமாடிக் கீழ்த்தளங்களில் பார்த்திருக்கிறோமே என்று யாராவது சொன்னால், பார்த்ததை அனுமதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அனுமதிக்கப்படாத நாயை வைத்திருப்பவருக்கு 4,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கப்படலாம். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் புகார் கொடுத்தாலே போதும், விசாரணை வந்து சேரும்.

கலப்பின நாய்களுக்கு ஒரு வழி இருக்கிறது. சிங்கப்பூர் ஸ்பெஷல் என்று நாம் செல்லமாக அழைக்கும் உள்ளூர்க் கலப்பின நாய்களை, அடோர் என்ற திட்டத்தின்கீழ், அதில் பங்கேற்கும் விலங்குநல அமைப்புகள் மூலம் வீவக வீட்டுக்குத் தத்தெடுக்கலாம். தொடக்கத்தில் இந்த நாய்களுக்கு 15 கிலோ எடை, 50 சென்டிமீட்டர் உயரம் என்று வரம்பு இருந்தது. 2020இல் எடை வரம்பு நீக்கப்பட்டு, தோள்பட்டை வரையிலான உயர வரம்பு 55 சென்டிமீட்டராக உயர்த்தப்பட்டது. நாய்க்குக் கருத்தடை, மைக்ரோசிப், கீழ்ப்படிதல் பயிற்சி ஆகியவை இத்திட்டத்தில் கட்டாயம். உரிமையாளர் நன்னடத்தை விதிகளிலும் கையெழுத்திட வேண்டும். வீவக வீட்டில் சற்றே பெரிய நாய் வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் கடைவழியை விட்டுவிட்டு இந்த வழியையே முதலில் பார்ப்பது நல்லது என்பது என் கருத்து.

ஊரிலிருந்து ராஜபாளையம் அல்லது சிப்பிப்பாறைக் குட்டி ஒன்றைக் கொண்டுவரலாமா என்று நம்மவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். இவ்விரண்டு இனங்களும் ஏவிஎஸ்ஸின் அபாய இனப் பட்டியலில் இல்லை. வீவகவின் 62 இனங்களிலும் இல்லை. ஆகவே அடுக்குமாடியில் இருப்பவர் இந்த யோசனையை அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். தரைவீட்டிலோ கூட்டுரிமை (காண்டோ) வீட்டிலோ இருப்பவர்களுக்கு வாய்ப்பு உண்டு. ஆனால் வேலை அதிகம். சிங்கப்பூர் 1953 முதல் வெறிநாய்க்கடி நோய் இல்லாத நாடாக இருந்து வருகிறது. இந்தியாவில் அந்த நோய் இருப்பதால் இறக்குமதி உரிமம், தடுப்பூசி, இரத்தப் பரிசோதனை, இங்கு வந்தபின் தனிமைப்படுத்தல் என்று ஒவ்வொரு படியும் முறையாக நடந்தாக வேண்டும். ஜொகூரில் மலிவாகக் கிடைக்கிறது என்று குட்டியைக் காரில் மறைத்து உட்லண்ட்ஸ் வழியாகக் கொண்டுவர முயல்வது நேரடியான குற்றம்; உரிமமின்றி விலங்கை இறக்குமதி செய்பவருக்கு 10,000 வெள்ளி வரை அபராதமோ, ஓராண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

தனியார் வீடுகளில் 2024 செப்டம்பர் 1 முதல் நாய், பூனை இரண்டையும் சேர்த்து மூன்று வரை வைத்துக்கொள்ளலாம். கூட்டுரிமை வீட்டில் இருப்பவர்கள் நிர்வாகக் குழுவின் துணைவிதிகளையும் கேட்டுப் பெற வேண்டும். மின்தூக்கி, நீச்சல்குளப் பகுதி போன்ற பொது இடங்களில் நாய்களைக் கொண்டுசெல்வது குறித்து அவை தனியாகச் சொல்லியிருக்கும். வாடகைக்கு இருப்பவர் ஒப்பந்தத்தில் செல்லப்பிராணி பற்றிய வரியைப் பார்க்காமல் எந்த நாயையும் பார்க்கப் போக வேண்டாம்.

எந்த இனங்கள் பட்டியலில் உள்ளன

அபாயமானவை என்று ஏவிஎஸ் பட்டியலிட்டுள்ள இனங்கள் இரண்டு பகுதிகளாக உள்ளன. முதல் பகுதியில் பிட்புல் வகை முதலிடம் பெறுகிறது. அமெரிக்கன் பிட்புல் டெரியர், அமெரிக்கன் ஸ்டாஃபர்ட்ஷயர் டெரியர், ஸ்டாஃபர்ட்ஷயர் புல் டெரியர், அமெரிக்கன் புல்டாக் ஆகியவை அதில் அடங்கும். அவற்றுடன் அக்கிட்டா, நியாபொலிட்டன் மாஸ்டிஃப், தோசா, டோகோ அர்ஜென்டினோ, ஃபிலா பிரசிலேரோ, போயர்போயல், பெர்ரோ டி பிரெசா கனாரியோ ஆகியவையும் இந்தப் பகுதியில் இருக்கின்றன. இவற்றை இறக்குமதி செய்ய அனுமதி இல்லை. ஆகவே புதிதாக நாய் வாங்க நினைப்பவர் இந்தப் பகுதியைத் தனக்குரியதல்ல என்று ஒதுக்கிவிடலாம்.

இரண்டாம் பகுதிதான் நடைமுறையில் பலரையும் தொடுகிறது. புல் டெரியர், டாபர்மன், ராட்வைலர், ஜெர்மன் ஷெப்பர்டும் அதைச் சார்ந்த பெல்ஜியன் ஷெப்பர்ட், ஈஸ்ட் யூரோப்பியன் ஷெப்பர்ட் இனங்களும், புல் மாஸ்டிஃப், கேனே கோர்சோ, டோக் டி போர்டோ உள்ளிட்ட மாஸ்டிஃப் வகைகளும் இதில் அடங்கும். நம் வீட்டுப் பெரியவர்கள் அல்சேஷன் என்று சொல்லும் நாயும் இந்த ஜெர்மன் ஷெப்பர்ட்தான். தரைவீடு வாங்கியவுடன் வாசலுக்கு ஓர் அல்சேஷன் இருந்தால் நன்றாக இருக்குமே என்று அப்பா ஆசைப்பட்டால், அவர் ஆசைப்படுவது இந்த இரண்டாம் பகுதி நாய்க்குத்தான் என்பதை அவரிடம் எடுத்துச் சொல்ல வேண்டும்.

இரு பகுதிகளிலும் உள்ள இனங்களின் கலப்புகளுக்கும் விதிகள் பொருந்தும். பலர் தடுக்கி விழும் இடம் இது. விற்பவர் ஒரு கலப்பினக் குட்டிக்கு வேறு பெயர் சூட்டியிருக்கலாம். இணையத்தில் தத்துக்கொடுப்பவர் லாப்ரடோர் கலப்பு என்று மட்டும் சொல்லி, மற்றப் பாதி ராட்வைலர் என்பதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். எட்டு வாரக் குட்டியைப் பார்த்து அது எப்படி வளரும் என்று சொல்வது அனுபவம் உள்ளவர்களுக்கே கடினம். ஆகவே பணம் கைமாறுமுன் தாய், தந்தை நாய்களின் இனம், கால்நடை மருத்துவர் தந்த தடுப்பூசி அட்டையில் எழுதப்பட்டுள்ள இனம், மைக்ரோசிப் எண் மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். ஐயம் இருந்தால் ஏவிஎஸ்ஸிடமே கேட்டுவிடுங்கள். வாங்கிய பிறகு கேட்பது, வீட்டில் குழந்தைகள் நாய்க்குப் பெயர் வைத்துவிட்ட பிறகு கேட்பது. அப்போது கிடைக்கும் பதில் யாருக்கும் பிடிக்காது.

இனத்தை வைத்து நாயின் குணத்தை அளப்பது சரியா என்று வாதிடுகிறவர்கள் உண்டு. அவர்கள் பக்கம் நியாயம் இல்லாமலும் இல்லை. கணுக்காலைக் கவ்வும் சிறிய நாய்கள் ஏராளம். ஆனால் பெரிய தாடை கடித்தால் காயம் வேறு அளவில் இருக்கும் என்பதே இந்தப் பட்டியலின் அடிப்படை. உரிம விண்ணப்பம் நிரப்பும் நேரத்தில் அந்த வாதத்துக்கு இடமில்லை.

உரிமம் பெறும் முறை

மூன்று மாதத்துக்கு மேற்பட்ட எந்த நாய்க்கும் உரிமம் கட்டாயம். உரிமமில்லாமல் வைத்திருந்தால் 5,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கப்படலாம். ஏவிஎஸ்ஸின் செல்லப்பிராணி உரிம இணையத்தளத்தில் சிங்பாஸ் வழியாக நுழைந்து விண்ணப்பிக்கலாம். மைக்ரோசிப் எண் கையில் இல்லாமல் விண்ணப்பத்தைத் தொடங்காதீர்கள். சாதாரண நாய்க்கு ஆண்டுக் கட்டணம் கருத்தடை செய்யப்பட்டிருந்தால் 15 வெள்ளி, செய்யப்படாவிட்டால் 90 வெள்ளி. இந்த வேறுபாடே அரசு எதை விரும்புகிறது என்பதைச் சொல்லிவிடுகிறது.

பட்டியலிலுள்ள இனங்களுக்குக் கட்டணம் ஒரு சிறு பகுதிதான். நிபந்தனைகளே பெரிய பகுதி. நாய்க்கு மைக்ரோசிப் பொருத்தியிருக்க வேண்டும். கருத்தடை செய்திருக்க வேண்டும். கீழ்ப்படிதல் பயிற்சியை முடித்திருக்க வேண்டும். நாயால் மற்றவர்களுக்கும் மற்ற விலங்குகளுக்கும் ஏற்படும் பாதிப்பை ஈடுசெய்ய குறைந்தது 100,000 வெள்ளிக்கான காப்புறுதி எடுத்திருக்க வேண்டும். இரண்டாம் பகுதி நாய்க்கு 2,000 வெள்ளி, முதல் பகுதி நாய்க்கு 5,000 வெள்ளி என்ற கணக்கில் வங்கி உத்தரவாதமும் தர வேண்டும். நிபந்தனைகளை மீறினால் அந்த உத்தரவாதத் தொகை பறிபோகலாம்.

இவற்றுள் நேரம் பிடிப்பவை காப்புறுதியும் வங்கி உத்தரவாதமும்தான். வங்கிகள் பொதுவாக அந்தத் தொகையை உங்கள் கணக்கில் முடக்கி வைத்துக்கொண்டே உத்தரவாதக் கடிதம் தரும். அதற்கெனத் தனிக் கட்டணமும் வாங்கும். எல்லாக் கிளைகளிலும் இதை உடனே செய்து தருவார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம். முகப்பில் இருக்கும் ஊழியர் நாய்க்கா உத்தரவாதம் என்று திரும்பக் கேட்டால் வியப்படையவும் வேண்டாம். காப்புறுதியில், உங்கள் நாயின் இனம் விலக்குப் பட்டியலில் இல்லை என்பதைப் பத்திரத்தைப் படித்து உறுதி செய்யுங்கள். செல்லப்பிராணிக் காப்புறுதி என்று விற்கப்படுபவற்றுள் சில, நாயின் மருத்துவச் செலவை மட்டுமே பார்த்துக்கொள்ளும். சட்டம் கேட்பது, உங்கள் நாய் பிறருக்கு விளைவிக்கும் தீங்குக்கான பாதுகாப்பு.

உரிமம் புதுப்பிக்கும் நாள், காப்புறுதி முடியும் நாள், உத்தரவாதம் காலாவதியாகும் நாள் மூன்றும் ஒரே நாளில் வராது. மூன்றையும் கைப்பேசி நாள்காட்டியில் ஒரு மாத முன்னறிவிப்புடன் குறித்து வைப்பது சிறு வேலைதான். வீடு மாறினாலும், நாயை வேறொருவருக்குக் கொடுத்தாலும், நாய் காணாமற்போனாலும் உடனே ஏவிஎஸ்ஸுக்குத் தெரிவித்துவிட வேண்டும்.

வாசற்கதவு

பட்டியலிலுள்ள நாய் தப்பிக்க முடியாத வீட்டில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. இதை உயரமான சுவர் என்று மட்டும் புரிந்துகொண்டவர்கள், தானியங்கி வாசற்கதவைக் கவனிக்க மறந்துவிடுகிறார்கள். காரை உள்ளே எடுக்கக் கதவு மெல்ல நகர்ந்து திறந்து, கார் நுழைந்து, மறுபடி மெல்ல நகர்ந்து மூடுகிறது. அந்த இடைவெளி ஒரு டாபர்மன் தெருமுனையை எட்டிவிடப் போதுமானது. உணவு விநியோகிப்பவர் பக்கவாட்டுக் கதவைத் தானாகத் தள்ளிக்கொண்டு வருவதும் உண்டு. ஆகவே வாசற்கதவுக்கும் நாய் நடமாடும் பகுதிக்கும் நடுவே இரண்டாவதாக ஒரு தடுப்பு இருக்கட்டும்; இடுப்பளவு கம்பிவேலி போதாது, தோள் உயரமாவது வேண்டும்.

பிறகு ஒரு நாள் மாலை தரையில் குனிந்து உட்கார்ந்து கதவின் அடிப்பகுதியைப் பாருங்கள். வடிகாலின்மேல் கதவு நகரும் இடத்தில் ஒரு சாண் அகலத்துக்கு இடைவெளி இருந்தால், உடல் நுழையாவிட்டாலும் மூக்கும் தாடையும் வெளியே வரும். அந்தப் பக்கம் நடந்துபோகும் குழந்தையின் கை அதே உயரத்தில்தான் இருக்கும். ஒரு கம்பியைப் பற்றவைத்து அந்த இடத்தை அடைத்துவிடலாம். கதவில் தபால்பெட்டி இருந்தால், தபால்காரர் கைவிடும் துவாரத்துக்கு நேர்ப் பின்னால் நாய் நிற்க முடியாதபடி பெட்டியை நகர்த்தி வையுங்கள்.

வெளியே அழைத்துச் செல்லும்போது

பொது இடத்தில் எல்லா நாய்களும் வாரில் இருக்க வேண்டும். பட்டியலிலுள்ள நாய்களுக்கு வாரோடு வாய்க்கவசமும் கட்டாயம். மீறினால் 5,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கப்படலாம். பீஷான் அங் மோ கியோ பூங்கா, வெஸ்ட் கோஸ்ட் பூங்கா ஆகியவற்றில் நாய்களை அவிழ்த்துவிட்டு ஓடவிடும் வேலியிட்ட திடல்கள் உண்டு. ஆனால் பட்டியலிலுள்ள நாயின் வாய்க்கவசத்தை அங்கே கழற்றலாம் என்று எண்ண வேண்டாம்.

வாய்க்கவசம் வாங்குவதில் கஞ்சத்தனம் வேண்டாம். துணியால் ஆன, வாயை இறுக்கிக் கட்டும் வகை இந்த ஊர் வெயிலுக்கு ஆகாது. நாய் வாயைத் திறந்து நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்தே உடற்சூட்டைத் தணிக்கிறது. வாய் திறக்க முடியாவிட்டால் சூடு உடலிலேயே தங்கும். கூடை வடிவக் கவசமே ஏற்றது. அதை மாட்டிய நிலையில் நாயால் வாயை நன்றாகத் திறக்கவும் தண்ணீர் குடிக்கவும் முடிய வேண்டும். மூக்கு நுனி கூடையின் முன்கம்பியில் உரசக் கூடாது. பின்வாருக்கும் கழுத்துக்கும் நடுவே ஒரு விரல் நுழைய வேண்டும். கடையில் மாட்டிப் பார்த்தபின், இரு கைகளாலும் அதை முன்னோக்கி இழுத்துப் பாருங்கள். கழன்று வந்தால் அது பூங்காவிலும் கழலும்.

முதல் நாளே மாட்டி வெளியே இழுத்துப் போனால் நாய் அதைத் தண்டனையாகவே எடுத்துக்கொள்ளும். முன்கால்களால் சுரண்டி மூக்கைப் புண்ணாக்கிக்கொள்ளும். கூடைக்குள் ஒரு துண்டு வேகவைத்த கோழிக்கறியை வைத்து, நாய் தானே மூக்கை நுழைக்கும்படி விடுங்கள். வாரை மாட்டாமல் இதையே சில நாள் செய்யுங்கள். பிறகு மாட்டி, உடனே கழற்றி, சிறிது சிறிதாக நேரத்தைக் கூட்டுங்கள். கவசத்தைக் கண்டதும் நாய் வாலாட்டிக்கொண்டு வரும் நிலை வந்த பிறகு தெருவில் இறங்கலாம்.

வீட்டில் இருக்கும் எல்லோரும் இந்த விதிகளை அறிந்திருக்க வேண்டும். பல வீடுகளில் காலையில் நாயை நடத்திச் செல்பவர் பணிப்பெண். உரிமம் உங்கள் பெயரில் இருக்கிறது. வார் அவர் கையில் இருக்கிறது. வாய்க்கவசம் ஏன், எப்போது என்பதை அவருக்குப் புரியும் மொழியில் சொல்லி, மாட்டக் கற்றுக்கொடுத்து, நாய் இழுத்தால் அவரால் பிடித்து நிறுத்த முடிகிறதா என்று கூடவே நடந்து பாருங்கள். அவரால் முடியவில்லை என்றால் அந்த வேலையை அவரிடம் கொடுக்கக் கூடாது. தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது உங்கள் ராட்வைலரைத் தங்கையின் வீவக வீட்டில் விட்டுச் செல்வதும் ஆகாது. அந்த வீட்டில் அதற்கு அனுமதி இல்லை. உரிமம் பெற்ற நாய் விடுதியில் முன்கூட்டியே இடம் பதிவு செய்துகொள்ளுங்கள். விடுமுறைக் காலத்தில் இடம் சீக்கிரமே நிரம்பிவிடும்.

கடித்துவிட்டால்

எந்த இன நாயாக இருந்தாலும் கடித்தால் விதிகள் அதையும் உரிமையாளரையும் நோக்கித் திரும்பும். முதலில் நாயைப் பிடித்து வாரில் கட்டி விலக்குங்கள். கடிபட்டவரின் காயத்தைக் குழாய்த் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவி, மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். இங்கே வெறிநாய்க்கடி நோய் இல்லை என்பதற்காகக் காயத்தை அலட்சியம் செய்யக் கூடாது. ஆழமான பற்குறியில் கிருமித் தொற்று எளிதில் ஏற்படும், டெட்டனஸ் தடுப்பூசி தேவையா என்பதையும் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். பெயர், தொலைபேசி எண் ஆகியவற்றைக் கொடுத்துவிடுங்கள். கொடுக்காமல் நழுவியவர்களைக் கண்காணிப்புக் கேமராக்கள் பின்னர் அடையாளம் காட்டும்போது, கடியைவிட நழுவியதே பெரிதாகப் பேசப்படும். காப்புறுதி நிறுவனத்துக்கு அன்றே தெரிவியுங்கள்; தொகை பேசி முடித்தபின் தெரிவித்தால் அவர்கள் ஏற்க மறுக்கலாம்.

கடிபட்டவரும், கடிபட்டது மற்றொரு நாய் என்றால் அதன் உரிமையாளரும் 1800-476-1600 என்ற விலங்கு உதவி எண்ணில் ஏவிஎஸ்ஸிடம் புகார் செய்யலாம். காயத்தின் படம், நடந்த இடம், நேரம், நாயின் தோற்றம், வாரும் வாய்க்கவசமும் இருந்தனவா என்ற விவரம், மருத்துவ ரசீதுகள், பார்த்தவர்களின் தொடர்பு எண் ஆகியவற்றை அன்றே சேர்த்து வைத்தால் விசாரணை எளிதாகும். ஏவிஎஸ் எச்சரிக்கை தரலாம், அபராதம் விதிக்கலாம், வழக்குத் தொடரலாம். பட்டியலில் இல்லாத நாய்க்கும் இனிமேல் பொது இடத்தில் வாய்க்கவசம் அணிய வேண்டும், பயிற்சிக்குச் செல்ல வேண்டும் என்று நிபந்தனை இடலாம். விலங்கைக் கவனக்குறைவாகக் கையாண்டு பிறருக்கு ஆபத்து விளைவிப்பது குற்றவியல் தண்டனைச் சட்டத்தின் 289ஆம் பிரிவிலும் வருகிறது. மருத்துவச் செலவை யார் தருவது என்பது உரிமையியல் விவகாரம்; அண்டைவீட்டாருக்கிடையே என்றால் சமூக சமரச நிலையத்தில் பேசித் தீர்த்துக்கொள்வது வழக்கறிஞர் கட்டணத்தைவிட மலிவு.

கடிக்கவில்லை, ஆனால் பக்கத்துத் தரைவீட்டில் ஒரு ராட்வைலர் தினமும் வாசற்கதவில் பாய்கிறது, வெளியே வாய்க்கவசமில்லாமல் நடக்கிறது என்றால், முதலில் உரிமையாளரிடம் நேரில் சொல்லிப் பாருங்கள். விதி தெரியாதவர்களும் உண்டு. பலனில்லை என்றால், நாள், நேரத்தோடு எடுத்த காணொளியுடன் அதே எண்ணை அழைக்கலாம்.